செலவழுங்கலும் மகப்பேறும்: அகமரபின் காலக்கணக்கும் சாந்த்ராகாச்சியின் பணிப்பெயர்வும்

முன்னுரை

பொருள் தேடுதல், மகப்பேறு ஆகிய இரண்டும் இல்லறத்தின் இன்றியமையாக் கூறுகளாகத் தமிழ் மரபில் போற்றப்பட்டுள்ளன. திருக்குறள் மக்கட்பேற்றை அறத்துப்பாலில் ஏழாம் அதிகாரத்திலும், பொருள்செயல்வகையைப் பொருட்பாலில் எழுபத்தாறாம் அதிகாரத்திலும், பிரிவாற்றாமையைக் காமத்துப்பாலில் நூற்றுப்பதினாறாம் அதிகாரத்திலும் வைக்கிறது. ஆனால் பணியை மாற்றுவதா, குழந்தைப்பேற்றுக்குக் காத்திருப்பதா என ஒரு குடும்பம் எண்ணும்போது இம்மூன்று பால்களும் ஒரே நாளில், ஒரே வினாவில் வந்து கூடிவிடுகின்றன. இவ்வினாவை இக்காலத் தமிழ்ப் புனைகதை போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. ஆயின் தொல்காப்பியக் கற்பியலும் அகப்பாடல்களும் இதற்குரிய ஒரு சொல்லைத் தந்துள்ளன. அச்சொல் செலவழுங்கல் என்பதாகும். அச்சொல்லின் துணைகொண்டு, மேற்கு வங்கத்தின் சாந்த்ராகாச்சியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தயக்கத்தை எவ்வாறு படிக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கற்பியலின் காலக்கணக்கு

பிரிவைப் பற்றிப் பேசும் தொல்காப்பியர் அதற்குக் கால எல்லையையும் வகுத்துள்ளார். கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்றாண்டினைக் கடத்தலாகாது. வேந்தன் ஏவிய தொழிலின் பொருட்டுப் பிரிவது ஓராண்டிற்குள் அடங்கும். ஏனைய பிரிவுகளுக்கும் அதுவே அளவாகக் கொள்ளப்படுகிறது. உணர்வை மட்டுமே பாடுவது அகத்திணை என்னும் பொதுவான எண்ணத்திற்கு மாறாக, அதன் இலக்கணம் நாளையும் ஆண்டையும் எண்ணுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவற்றினும் நுட்பமானது பூப்புப் பற்றிய விதியாகும். பரத்தையிற் பிரிந்த தலைவன், தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்ததை ஒட்டிய பன்னிரு நாளும் அவளை நீங்கி உறைதல் இல்லை என்று கற்பியல் கூறுகிறது. உரையாசிரியர்கள் இவ்விதியைக் கருத்தரிப்போடு இணைத்தே விளக்குகின்றனர். இன்றைய மருத்துவம், கருமுட்டை வெளிப்படும் நாளையும் அதற்கு முந்திய ஏறத்தாழ ஐந்து நாள்களையும் கருத்தரிப்புக்கு ஏற்ற காலமாகக் கொள்கிறது. இவ்விரு கணக்கும் முற்றும் பொருந்துகின்றனவா என்பதன்று இங்குள்ள வினா. இணையரின் அண்மைக்கும் மகப்பேற்றுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு என்பதையும், புறத்தே செல்லும் ஆடவனின் விருப்பம் அந்நாள்காட்டிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் இலக்கணமே விதியாக்கியிருப்பதுதான் கருதத்தக்கது.

இவ்விதியில் ஓர் இடைவெளியும் உண்டு. பன்னிரு நாள் வரையறை, பரத்தையிற் பிரிவுக்கு மட்டுமே உரியது. பரத்தையர் சேரி ஊரினுள் இருப்பது. அங்குச் சென்றவன் அழைத்தால் திரும்ப முடியும். காடும் மலையும் கடந்து பொருள் தேடச் சென்றவனைப் பன்னிரு நாளுக்காகத் திரும்பி வரச் சொல்ல இயலாது. ஆதலின் பொருள்வயிற் பிரிவுக்கு இலக்கணம் ஓராண்டு எல்லையை மட்டும் தந்து நிற்கிறது. பிழைப்பின் காலமும் உடலின் காலமும் முரணும் இடத்தில் நூற்பா எதையும் விதிக்கவில்லை. அவ்விடத்தைப் புலவர்கள் நிரப்பினர்.

செலவழுங்கல்: தயக்கத்தின் இலக்கணம்

செல்லத் துணிந்த தலைவன் செல்லாது தயங்குவதே செலவழுங்கல். இத்தயக்கம் செல்லாமலே விடுவதன்று. தலைவியை ஆற்றுவித்துப் பின் செல்லுதற்கான தவிர்ப்பு என்பது தொல்காப்பியர் கருத்து. கோழைமையாகவோ கடமை வழுவியதாகவோ இதனை அவர் கொள்ளவில்லை. முடிவெடுக்கும் செயலின் ஒரு கட்டமாகவே இதற்கு இலக்கணத்தில் இடம் அளித்துள்ளார். தயங்குதல் என்பதற்கே தனித் துறை வகுத்த இலக்கணம் என்ற சிறப்பு இதனால் அகப்பொருளுக்கு உண்டாகிறது.

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறு பாடல்களும் பாலைத் திணையின. நானூறு பாடல்களுள் சரிபாதி பிரிவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பது, பொருளுக்கும் குடும்பத்திற்கும் இடையிலான இழுபறி அச்சமூகத்தில் எத்துணை ஆழமாக உணரப்பட்டது என்பதைக் காட்டும். அவற்றுள் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் ஐந்தாம் பாடல் செலவழுங்கலின் செவ்விய சான்றாகும். தலைவன் பிரியக் கருதியதை அறிந்த தலைவி ஒரு சொல்லும் சொல்வதில்லை. தன் புதல்வனின் தலையில் சூடிய மாலையை மோந்து பெருமூச்செறிகிறாள். அம்மூச்சில் மலர் ஒளி இழக்கிறது. அதனைக் கண்ட தலைவன் செலவைக் கைவிடுகிறான். பொருளின் தேவையை மறுக்கும் வாதம் எதுவும் பாடலில் இல்லை. ஒரு குழந்தையின் தலையும் ஒரு தாயின் மூச்சும் அவ்வாதத்தின் இடத்தில் நிற்கின்றன.

பாலையின் மறுகரை முல்லை. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய செவிலி கூற்றுப்பத்து, தலைவனும் தலைவியும் புதல்வனும் ஒருங்கிருக்கும் இல்லக் காட்சியை அடுத்தடுத்த பாடல்களில் தீட்டுகிறது. பிரிந்தவன் திரும்புவதும் இல்லத்தில் மகவு நிறைவதும் முல்லையின் பயன்கள். ஆனால் இக்கட்டமைப்பு முழுவதிலும் ஒரு வரையறை மாறாது நிற்கிறது. பொருள் தேடிச் செல்பவன் எப்போதும் தலைவனே. தலைவி பொருள் தேடிப் பிரிவதற்கு அகமரபில் துறை இல்லை. அவள் காத்திருப்பவள்; செல்லவோ, சென்று தயங்கவோ அவளுக்கு இடமில்லை. இவ்வரையறை தகர்ந்த இடத்திலிருந்தே இக்காலத்தின் வினா தொடங்குகிறது.

சாந்த்ராகாச்சி என்னும் களம்

கொல்கத்தாவை ஒட்டி, ஊக்ளி ஆற்றின் மேற்கில், ஹவுரா நகரில் அமைந்துள்ளது சாந்த்ராகாச்சி. கார்டன் ரீச்சைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்கு இரயில்வேயின் முதன்மைச் சந்திப்புகளுள் ஒன்று. சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டிகள் சில இங்கிருந்தே புறப்படுகின்றன. ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவை அவை ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தே அடைகின்றன. நிலையத்தின் அருகிலுள்ள ஏரி, பனிக்காலத்தில் வந்து தங்கும் பறவைகளால் பெயர் பெற்றது. சீழ்க்கைச் சிறகிகள் பெருந்திரளாக அங்குக் கூடும். ஊசிவால் வாத்து போன்றவை வடபுலத்திலிருந்து வந்து, பனிக்காலம் கழிந்ததும் இனம்பெருக்க மீண்டும் வடக்கே செல்லும். இரைக்கு ஓரிடம், இனப்பெருக்கத்திற்கு ஓரிடம் எனப் பறவைக்கு ஆண்டு இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஊதியத்திற்கு உழைக்கும் மனிதர்க்கு அத்தகைய பகுப்பு இல்லை. அவர்க்கு இரண்டும் ஒரே பருவத்தில் நிகழவேண்டியுள்ளது.

இங்கு ஒரு தமிழ் இணையரை எண்ணிப் பார்க்கலாம். கணவர் இரயில்வே பணியாளர். மனைவி கொல்கத்தாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். குழந்தைக்காகக் காத்திருக்கும் நிலையில், தமிழக அரசுப் பணிக்கான ஆணை மனைவிக்குக் கிடைக்கிறது. தனியார் நிறுவனத்தில் 26 வார மகப்பேற்று விடுப்பு உண்டு. தமிழக அரசின் பெண் ஊழியருக்கு அது 2021 சூலை முதல் ஓராண்டாக உயர்த்தப்பட்டுள்ளது. பணிப்பாதுகாப்பும் தாய்வீட்டின் அண்மையும் உடன் வரும். ஆனால் ஆணையை ஏற்றால் இருவருக்கும் இடையே 1,660 கிலோமீட்டர் விழும். குழந்தையைப் பேணுதற்குரிய காலத்தைத் தரும் பணி, குழந்தை உருவாதற்குரிய அண்மையைப் பறித்துக்கொள்கிறது. கணவன், மனைவி இருவரையும் ஒரே ஊரில் பணியமர்த்த முயலவேண்டும் என்னும் நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள் 1986 முதல் உண்டு; 2009இல் அவை வலியுறுத்தவும் பட்டன. ஆயினும் இருவரும் வெவ்வேறு அரசுகளின் கீழ்ப் பணிபுரியும்போது இணைந்து வாழ்தல் ஓர் ஆணையால் முடிந்துவிடுவதன்று.

இந்நிலையில் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஓராண்டுக் கால முயற்சிக்குப் பின்னும் கருத்தரிக்காத நிலையையே உலக நலவாழ்வு அமைப்பு கருவுறாமை என வரையறுக்கிறது. பெண்ணின் அகவை முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே மருத்துவரை நாடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் கருவுறாமையை எதிர்கொள்கின்றனர் என அவ்வமைப்பு 2023இல் தெரிவித்தது. தொல்காப்பியர் பிரிவுக்கு விதித்த ஓராண்டும் மருத்துவம் முயற்சிக்கு வகுத்த ஓராண்டும் தம்முள் தொடர்பில்லாதவை. எனினும் மேற்கூறிய இணையரின் வாழ்வில் அவ்விரண்டும் ஒரே ஓராண்டாகிவிடுகின்றன.

பணியிட மாற்றமும் கருத்தரிப்பும் முரணிய நிகழ்வொன்று இந்நகரின் வரலாற்றிலேயே உண்டு. உடலுக்கு வெளியே கருவுறச் செய்த இந்தியாவின் முதற்குழந்தை, மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்தது. உலகின் முதல் அத்தகைய குழந்தை இங்கிலாந்தில் பிறந்து இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலேயே ஆகியிருந்தது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981இல் அவர் கண் மருத்துவ நிறுவனமொன்றிற்கு இடமாற்றம் செய்யப்பட்டார். அவ்வாண்டு சூன் 19 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பிறர்க்கு மகப்பேறு வாய்க்க உழைத்தவரின் ஆய்வை ஓர் இடமாற்ற ஆணை முடக்கிற்று. வங்க எழுத்தாளர் ராமபத சௌதுரியின் அபிமன்யு என்னும் புதினமும், அதனைத் தழுவித் தபன் சின்ஹா 1990இல் உருவாக்கிய ஏக் டாக்டர் கி மௌத் என்னும் திரைப்படமும் இதிலிருந்து எழுந்தவை. நிருவாக ஆணையொன்று இலக்கியத்தின் துயரப்பொருளாக முடியும் என்பதற்கு இது சான்று.

புனைகதையில் பிரிந்து நிற்கும் இரு பொருள்கள்

தமிழ்ப் புனைகதை பணிப்பெயர்வையும் அறியும். மகப்பேற்றுத் துயரையும் அறியும். ஆனால் இரண்டையும் ஒரு தேர்வின் இரு பக்கங்களாக வைப்பது அரிது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணியில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பெயர்கிறாள்; மகள் வெள்ளைச்சிக்குத் தாயாகிறாள். பிழைப்பின் பெயர்வும் தாய்மையும் ஒரே கதைக்குள் வருகின்றன. ஆயினும் வறுமையும் ஆள்கட்டு முறையும் மருதிக்காக முடிவெடுத்துவிடுகின்றன. செல்வதா, நிற்பதா என எண்ணும் இடமே அவளுக்குத் தரப்படவில்லை. தேர்வு மறுக்கப்பட்ட இடத்தில் செலவழுங்கல் நிகழாது.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் மகப்பேறின்மையை முழுமையாக எதிர்கொண்ட புதினம். 2010இல் வெளிவந்த இப்புதினத்தில் காளியும் பொன்னாவும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தையின்றி வாழ்கின்றனர். 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் திறனாய்வின் கவனத்தைக் கருத்துரிமையின் பக்கம் பெரிதும் திருப்பின. அதனால் புதினத்தில் தொழில் வகிக்கும் இடம் போதிய அளவு பேசப்படவில்லை எனலாம். காளியின் வாழ்வு நிலத்தோடும் மாடுகளோடும் தொண்டுப்பட்டியோடும் பிணைந்தது. அவன் தொழில் இடம்பெயராது, இணையரைப் பிரிக்காது. நிலமே ‘எனக்குப் பின் யார்?’ என்னும் வினாவையும் எழுப்புகிறது. ஆதலின் அங்கே மகப்பேறின்மை உறவினராலும் ஊராராலும் வரும் துயராகிறது. காலத்தால் வரும் துயராகப் பெரிதும் உருக்கொள்வதில்லை. ஊதிய வாழ்வில் நிலைமை தலைகீழாகிறது. ஊரார் பேச்சு தொலைவில் இருக்கிறது. நாள்காட்டி அருகில் இருக்கிறது.

அம்பையின் காட்டில் ஒரு மான் வேறொரு திசையில் செல்கிறது. பூப்பெய்தாத உடலோடு வாழும் தங்கம் அத்தை குழந்தைகளுக்குக் கதைசொல்லியாக விளங்குகிறாள். பூப்பையே பெண்மையின் அளவுகோலாகக் கொள்ளும் மரபை இக்கதை அமைதியாக மறுக்கிறது. கற்பியல் விதியைப் போற்றிப் பேசும் எவரும் இக்கதையை உடன்வைத்துப் படித்தல் வேண்டும். பெண்ணுடலின் நாள்களை எண்ணும் இலக்கணம், எண்ணுதற்கு நாளில்லாத உடலை எங்கு வைக்கும் என்னும் வினாவை அது விட்டுச் செல்கிறது.

வங்கச் சூழலில், நரேந்திரநாத் மித்ராவின் கதையைத் தழுவிச் சத்யஜித் ராய் 1963இல் உருவாக்கிய மகாநகர் ஒப்புநோக்கத்தக்கது. கணவன் வேலையிழந்த நிலையிலும், உடன்பணிபுரியும் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து ஆரத்தி தன் பணியைத் துறக்கிறாள். பணியை ஏற்பதும் விடுவதும் ஒரு பெண்ணின் அறமுடிவாக அங்கு உயர்கின்றன. ஆனால் ஆரத்திக்கு மகன் ஏற்கெனவே உண்டு. பிறவாத குழந்தை அவள் முடிவில் குறுக்கிடுவதில்லை. அகநானூற்றின் ஐந்தாம் பாடலிலும் குழந்தை கண்முன் இருக்கிறது. இன்னும் உருவாகாத ஒன்றை முன்வைத்துத் தயங்குதல் இவ்விரு படைப்புகளுக்கும் அப்பாற்பட்டது. மோப்பதற்கு மாலை இல்லாத நிலையில் எழும் பெருமூச்சு அது. அதனைப் பாடும் படைப்பே இன்று தேவைப்படுகிறது.

பன்னிரு நாளும் எண்பது நாளும்

உடலின் நாள்களை இலக்கணம் எண்ணியதுபோல் இக்காலச் சட்டமும் எண்ணுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதலிரு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. பேற்று நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள்கள் அந்நிறுவனத்தில் பணிபுரிந்திருக்க வேண்டும் என்பது அதன் தகுதி விதி. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவ்வரையறைகளைப் பேணியது. பேறுகாலம் ஏறத்தாழ 280 நாள் ஆதலின், கருவுற்ற தொடக்கத்தில் புதுப்பணி ஏற்றவரும் பேற்றுக்கு முன் 80 நாளை எளிதில் நிறைவு செய்யலாம். பணி மாறினால் விடுப்பு அடியோடு போய்விடும் என்னும் பரவலான அச்சத்திற்குச் சட்டத்தின் எழுத்தில் அடிப்படை இல்லை.

அச்சத்தின் வேர் சட்டத்திலன்று, தகுதிகாண் பருவத்திலேயே உள்ளது. முதற்கருவுற்றதும் வான்பணிப் பெண்களைப் பணிநீக்கும் ஏர் இந்தியாவின் விதியை நர்கேஷ் மிர்சா வழக்கில் 1981இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. 1991இல் அந்நீதிமன்றம் தீர்த்த நீரா மாத்தூர் வழக்கு இன்னும் நுட்பமானது. ஆயுள் காப்பீட்டுக் கழகம், பணியில் சேரும் பெண்களிடம் இறுதியாகப் பூப்பு நிகழ்ந்த நாள் முதலியவற்றை உறுதிமொழிப் படிவத்தில் கேட்டது. அதில் தவறான தகவல் தந்ததாகக் கூறித் தகுதிகாண் பருவத்திலிருந்த அப்பெண்ணை நீக்கியது. நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியதுடன் அத்தகைய வினாக்களை நீக்கவும் பணித்தது.

இவ்விடத்தில் இரு கணக்குகளையும் ஒப்பிடல் தகும். தொல்காப்பியமும் பூப்பின் நாளைக் கேட்கிறது. பணிப்படிவமும் அதே நாளைக் கேட்டது. இலக்கணம் கேட்டது, புறத்தே சென்ற ஆடவனை இல்லத்திற்கு அழைத்தற்கு. படிவம் கேட்டது, இல்லத்திலிருந்து வந்த பெண்ணைப் புறத்தே நிறுத்துதற்கு. முன்னது ஆடவனின் செலவைக் கட்டுப்படுத்தியது; பின்னது பெண்ணின் செலவைத் தடுத்தது. மகப்பேறு பெண்ணின் பொறுப்பாக மட்டும் சுருங்கிய வரலாற்றை இவ்வேறுபாடு தெளிவாகக் காட்டுகிறது. ஆடவன் வந்து நிற்க வேண்டும் என்று பன்னிரு நாள் விதி கட்டளையிட்டது. இன்று பணியை விடுவதா என்னும் வினா பெரும்பாலும் மனைவியிடமே கேட்கப்படுகிறது. கணவன் இடமாற்றம் கோரலாமா என்பது பின்னரே நினைவுக்கு வருகிறது. பழைய விதியில் ஆணாதிக்கம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அசைய வேண்டியவன் யார் என்பதில் அது இன்றைய வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது.

மகப்பேற்று விடுப்புப் பெண்களின் இனப்பெருக்க உரிமைகளின் ஒரு கூறு என, தமிழகப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. பிறந்த, பிறக்கவுள்ள குழந்தைகளைச் சட்டம் இவ்வாறு கருதத் தொடங்கிவிட்டது. முயற்சிக் காலத்திற்குச் சட்டத்தில் தெளிவான பெயரில்லை. அப்பெயரைத் தரவல்லது இலக்கியமே.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அகமரபு பொருளையும் மகப்பேற்றையும் ஒரே நாள்காட்டியில் வைத்து எண்ணியது. அவை முரணும் இடத்தில் தயக்கத்தைக் குறையாகக் கருதாது துறையாக்கியது. ஆனால் அத்தயக்கத்தைத் தலைவனுக்கு மட்டுமே உரியதாக்கியது. இக்காலப் புனைகதை மகப்பேறின்மையை நிலத்தோடும் ஊரோடும், பணியைப் பெண்ணின் தன்மதிப்போடும் இணைத்துச் சிறப்புற எழுதியுள்ளது. இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் முடிவை அரிதாகவே எழுதியுள்ளது.

சாந்த்ராகாச்சியில் பணியாணையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க இயலாது நிற்கும் பெண்ணை உறுதியற்றவள் என்று சுற்றத்தார் கூறக்கூடும். தமிழ் இலக்கணம் அவ்வாறு கூறாது. அவள் செய்வது செலவழுங்கல். அது செல்லாமையன்று, உடனிருப்பவர் ஆற்றும் அளவும், எவர் அசைவது முறை என்று தெளியும் அளவும் நிற்றல். அவள் ஆணையை ஏற்பதோ மறுப்பதோ அவள் உரிமை. ஏற்றபின் கணவன் தெற்கே பணியிடம் கோருவதும், மறுத்தபின் அதனைத் தியாகமென்று ஏற்றிப் போற்றாமல் இழப்பென்று ஒப்புக்கொள்வதும் அவ்வுரிமையின் பகுதிகள். பொருள்வயிற் பிரியும் தலைவி என ஒரு புதுத்துறையை இலக்கணத்தில் சேர்த்தல் இன்று இயலாதெனினும், அத்துறையில் ஒரு நற்கதையேனும் தமிழில் எழுதப்படுதல் இயலும். எழுதப்படின், அதனை அளத்தற்குரிய கோல் கற்பியலிலேயே ஆயத்தமாக உள்ளது.